ஜெர்மானியர் பூங்காவில் எர்னா பேசினாள்

அந்தப் பிரேசில் நகரத்தில் நகராட்சி புதிதாகக் கட்டிய ஜெர்மானியர் பூங்காவின் திறப்பு விழாவுக்கு எர்னா வர ஒப்புக்கொண்டதே தங்கை ஒட்டிலியாவின் நச்சரிப்பால்தான். "நம்ம அப்பாவோட கடையை அப்படியே கட்டி வெச்சிருக்காங்களாம்க்கா. நாமளே போகலேன்னா எப்படி?" என்று அவள் விடவேயில்லை.

வந்து பார்த்ததும் எர்னா நடுப்பாதையிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா மத்தியாஸின் ரொட்டிக்கடை வெறும் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. மழை பிடித்தால் மாவு மூட்டைகளை இழுத்து இழுத்து வைக்க வேண்டும். இங்கே நின்றதோ, வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, ஜன்னல்தோறும் சிவப்புப் பூத்தொட்டி தொங்க, பிஸ்கட் டப்பா மூடியில் அச்சடித்தது போன்ற ஒரு வீடு. வாசலுக்கு மேலே அப்பாவின் பெயர், அதிலும் ஓர் எழுத்து தப்பு. எர்னா கதவைத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே வீடே இல்லை. சுவர் விழாமலிருக்க இரும்புக் கம்பிகளை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதற்கப்பால் கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி.

"அழகாத்தானே இருக்கு," என்றாள் ஒட்டிலியா.

"இருக்கும். மூஞ்சியை மட்டும்தானே கட்டியிருக்கானுங்க."

ஒலிபெருக்கியில் யாரோ ஒருவன் மலையுச்சியிலிருந்து கூவுவதுபோல் பாடிக்கொண்டிருந்தான். எர்னாவின் முன்னோர்கள் ரைன் ஆற்றோரத்துச் சமவெளிக்காரர்கள். மலையையே இந்தப் பிரேசிலுக்கு வந்துதான் பார்த்தார்கள். மஞ்சள் நூலில் பின்னிய பொய்ச்சடைகளை மாட்டிக்கொண்டு பெண்கள் பீர் கொண்டுபோனார்கள். ஒரு புதுமணத் தம்பதி அப்பாவின் கடை வாசலில் முத்தமிட்டபடி நிற்க, படமெடுப்பவன் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கத்தினான். எர்னாவுக்குத் துப்ப வேண்டும்போல் இருந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் நகரமன்ற உறுப்பினர் ரூபென்ஸ் கைகளை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். பூங்கா அவனுடைய யோசனை. ஐம்பது வயதுத் தொந்திக்குக் கீழே தோல் அரைக்கால்சட்டை, அதற்குக் கீழே வேகவைத்து உரித்த மாதிரி இரண்டு முழங்கால்கள், தலையில் இறகு சொருகிய தொப்பி.

"எர்னாம்மா! வந்துட்டீங்களா! நீங்கதான் இன்னிக்கு நாயகி. மேடையில ரெண்டு வார்த்தை பேசணும். போர்த்துகீசுல வேண்டாம், நம்ம தாய்மொழியில!"

"உனக்குத் தெரியுமா அது?"

"ரத்தத்துல இருக்கும்மா!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு அவன் அடுத்த ஆளைக் கட்டிப்பிடிக்கப் போனான்.

ஒட்டிலியா அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். "பழசை எதையும் கிளறாதே. நம்ம வயசுக்கு இதெல்லாம் வேண்டாம்."

எர்னா முழங்கையை விடுவித்துக்கொண்டாள். இந்த ரூபென்ஸின் அப்பா எவால்டோ ஒருகாலத்தில் அவர்கள் கடையில் மாவு பிசைந்தவன். பிரேசில் ஜெர்மனியோடு போரில் இறங்கிய நாற்பத்திரண்டில் ஜெர்மன் பேசினால் சிறை என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. அந்த வருஷம் அம்மா இறந்தாள். குழி மேட்டில் நின்று அப்பா தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் ஜெபம் சொன்னார். மறுநாள் போலீஸ் வந்தது. அவர் திரும்பி வந்தபோது கடையின் சாவி எவால்டோவின் இடுப்பில் தொங்கியது. அதற்குப் பிறகு அப்பா பேசவேயில்லை. ஜெர்மன் பேசக்கூடாது, போர்த்துகீசு வராது. சாப்பாடு வேண்டுமென்றால் தட்டைத் தட்டிக் காட்டுவார். அப்படியே இருந்து செத்துப்போனார்.

மேடையில் ரூபென்ஸ் காலை வணக்கம், நன்றி, வாழ்க என்ற மூன்று ஜெர்மன் சொற்களையும் தப்புத் தப்பாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினான். "இந்த நகரம் ஜெர்மானியர்களை என்னிக்கும் நெஞ்சுல வெச்சுத் தாங்கியிருக்கு," என்றான். பிறகு எர்னாவின் பெயரைச் சொல்லி அழைத்தான்.

எர்னா ஏறினாள். கீழே பார்த்தாள். பளபளக்கும் முகங்கள், பீர் நுரை ஒட்டிய மீசைகள். அவள் வீட்டு மொழியில், குடியேற்றக்காரர்களின் கரடுமுரடான ஜெர்மனில் பேசினாள்.

"என் பேரு எர்னா. மத்தியாஸோட மூத்த பொண்ணு. எங்கம்மாவைப் புதைக்கிறப்போ எங்கப்பா ஒரு ஜெபம் சொன்னாரு. அதுக்காக அவரை ஜெயில்ல போட்டீங்க."

கூட்டம் கைதட்டியது.

"தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. இதோ எம்பக்கத்துல கோழியிறகு சொருகிக்கிட்டு நிக்கிறானே, இவனோட அப்பன் எவால்டோதான் காட்டிக்கொடுத்தவன். எங்க உப்பைத் தின்னுட்டு எங்க கடையைத் திருடினவன்."

அப்பாவின் பெயர் காதில் விழுந்ததும் ரூபென்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

"அந்தக் கடையோட மூஞ்சியை மட்டும் கட்டி, பின்னாடி மூத்திரம் பெய்யறீங்க. தூ!"

"வாழ்க!" என்று ரூபென்ஸ் முழங்கினான். மேளம் முழங்கியது. அவன் எர்னாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். வியர்வையும் பீரும் நாறின. இத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததைக் கொட்டியாயிற்று. ஒருத்தன் முகமாவது சுருங்க வேண்டாமா? தலைகுனிவதற்குக்கூட லாயக்கில்லாத கூட்டம்.

கீழே ஒட்டிலியா மட்டும் வெளுத்துப்போய் நின்றாள். "இறங்கிடு. போயிடலாம்," என்று கிசுகிசுத்தாள்.

முன்வரிசையைக் கடக்கும்போது சக்கர நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு எர்னாவின் மணிக்கட்டைப் பிடித்தது. எவால்டோவின் விதவை வால்பூர்கா. தொண்ணூறை நெருங்கியவள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதே எர்னாவுக்குத் தெரியாது.

"ஒரு இடத்துல தப்பாச் சொல்லிட்டே," என்றாள் கிழவி, அதே கரடுமுரடான ஜெர்மனில். "என் புருஷனுக்கு அவ்வளவு துணிச்சல் ஏது? நான்தான் அவனைப் போலீசுக்கு அனுப்பினேன். மூணு பிள்ளைங்க பசியில கிடந்துச்சு. உங்கப்பன் கூலியைக் கூட்டித் தரமாட்டேன்னான்."

"இதைச் சொல்ல வெக்கமாயில்ல?"

"இருந்துச்சு, கொஞ்ச நாள். அப்புறம் கடையில வேலை ஜாஸ்தி."

எர்னா கையை உதறினாள். கிழவி விடவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாடி. எம்பையன் ஒரு முட்டாள், அவனுக்கு இந்தப் பாஷை வராது. என்னோட இதுல பேச ஒருத்தரும் மிச்சமில்ல."

"உன் வீட்டுப் படியை நான் மிதிப்பேன்னு நினைக்கிறியா?"

"திட்டறதுக்காவது வா. மேடையில நீ திட்டினது நல்லா இருந்துச்சு."

பேருந்தில் ஒட்டிலியா கேட்டாள்: "என்ன சொன்னா அந்தக் கிழவி?" தங்கைக்கு அந்த மொழியில் பாதிதான் புரியும், அப்பா வாய் மூடியபோது அவள் கைக்குழந்தை.

"ஒண்ணுமில்ல. கிழட்டுப் பேச்சு," என்றாள் எர்னா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயிலுக்குப் போவதாகத் தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனாள். வால்பூர்கா ஊற்றி வைத்த காப்பியைத் தொடவில்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல் கதவருகே நின்றே திட்ட ஆரம்பித்தாள். கிழவியும் சளைக்கவில்லை, அப்பாவின் கஞ்சத்தனத்தைப் பற்றி எர்னா கேள்விப்படாத நாலு கதைகளை எடுத்துவிட்டாள். வாக்குவாதம் முற்றி, கால் வலித்து, எர்னா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டபோது வெளியே தெருவிளக்கு போட்டிருந்தார்கள்.