கரடிக்கு ஓர் ஆழாக்கு

செங்கமலம் ஒரு கரடியின் வயிற்றுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டிருந்த நேரத்தில் தராசு உள்ளே வந்தது. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். யானைக்குட்டியை ஏற்றினாலும் ‘அடுத்தது’ என்று கேட்கும் போலிருந்தது அந்தத் தராசு. கொட்டகை விட்டத்தில் அதைத் தொங்கவிட்டதும் விட்டம் ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது.

"எதுக்கு மேஸ்திரி இது? எங்களை நிறுத்துப் பாக்கவா?" என்றாள் இருளாயி.

"ஒன்னைய ஏத்துனா சங்கிலி அந்துரும்" என்றார் மேஸ்திரி ஆத்மநாதன். "ரயிலடியில இனிமே பெட்டி மேல எடை எழுதுனாத்தான் எடுப்பாங்களாம். ஒரு மணி வண்டிக்கு ரெண்டு பெட்டியும் போயாகணும். வாய மூடிட்டு ஊசிய நகத்துங்க."

ஒன்பது பெண்களும் குனிந்தார்கள். செங்கமலத்துக்கு மட்டும் நூல் ஊசிக்காதில் ஏற மறுத்தது. மூன்று முறை எச்சில் தொட்டுப் பார்த்தாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சீமையிலிருந்து கப்பலில் பொம்மை வருவது நின்றுபோய், மலைப் பங்களாக்களில் வெள்ளைக்காரக் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கக் கரடியில்லாமல் அழுதன. அந்த அழுகை புதுக்கோட்டை வரைக்கும் கேட்டது, அதுவும் முதலாளி ரத்தினவேலின் காதில் மட்டும். திருவரங்குளம் சாலையில், புகையிலை காயப்போட்ட பழைய கொட்டகையைக் கூட்டிப் பெருக்கினார். மாதிரிக்கு என்று ஒரு துரைசானி கொடுத்தனுப்பிய கிழட்டுக் கரடியை நடுவில் வைத்தார். அதற்கு ஒரு காதைக் காணோம், மற்றபடி சப்மாஜிஸ்திரேட் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கொட்டகையில் ஒருத்தியும் அப்படி ஒரு கரடியைக் கண்டதில்லை. இருளாயி அதைப் பன்றிக்குட்டி என்று சாதித்தாள்.

கம்பளித் துணியும் இலவம் பஞ்சும் வைத்து முதலில் தைத்த கரடிகள் எல்லாம் கள்ளுக்கடையிலிருந்து திரும்பியவை போல் முகம் குப்புற விழுந்தன. அடிவயிற்றில் கனம் வேண்டும் என்று புரிந்து ஆற்று மணலை ஒற்றைப் பையில் கட்டி வைத்தார்கள். மணல் கசிந்தது. துரைசானியிடமிருந்து கடிதம் வந்தது: குழந்தையின் வாயில் மண் போகிறது, சுத்தமான தானியம் வைத்தால் சரக்கு எடுப்பேன், இல்லையேல் வேண்டாம். ரத்தினவேல் எங்கெங்கோ ஏறி இறங்கிப் பொம்மைக்கென்று மாதம் இரண்டு மூட்டை அரிசிக் குருணைக்குப் பர்மிட் வாங்கிவிட்டார்.

மனிதருக்கு அப்படிப் பர்மிட் இல்லை. ரேஷன் கடையில் கோழி கூவும்போதே வரிசை நின்றது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே நடந்தால் ஆலங்குடிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நின்று வாங்கினாலும் கிடைப்பது பூச்சி அரித்த மக்காச்சோளம். செங்கமலத்தின் மகள் பொன்னுத்தாய்க்கு நாலு வயது. மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்குச் சோளக்கஞ்சி உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. அரிசிக் கஞ்சி மட்டுமே வயிற்றில் தங்கியது. மலாயாவில் பால்மரம் வெட்டப் போன புருஷன் சிவசாமியிடமிருந்து ஜப்பான்காரன் அங்கே வந்த நாளிலிருந்து காகிதம் இல்லை.

ஒரு கரடிக்கு ஓர் ஆழாக்குக் குருணை. செங்கமலம் தன் கஞ்சிக் கலயத்தில் வெள்ளாற்றுப் பொடிக்கல் கொண்டு வந்தாள். ஓர் ஆழாக்குக் கல்லைத் தலைதட்டி அளந்து கரடிக்குள் வைத்தாள். ஓர் ஆழாக்குக் குருணையைத் தலைதட்டி அளந்து கலயத்துக்குள் போட்டாள். ஒரு மணி கூட்டியும் எடுக்கவில்லை, குறைத்தும் வைக்கவில்லை. அளவுக்கு அளவு. நாளுக்கு ஒன்றாக, அன்றையது போக, எட்டுக் கரடி ஆகியிருந்தது. பொன்னுத்தாய் நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாள்.

முதல் பெட்டி தராசில் ஏறியது. பன்னிரண்டு கரடி, பதினெட்டு ராத்தல். ஆத்மநாதன் பெட்டியின் மேல் சுண்ணாம்பால் எழுதினார். இரண்டாவது பெட்டி ஏறியது. அதிலும் பன்னிரண்டு கரடிதான். எடைக்கல் வைத்தார். தட்டு எழும்பவில்லை. ஒரு கல் சேர்த்தார். எழும்பவில்லை. இன்னொன்று சேர்த்தார். பெட்டிக்குள் பூனை ஏதும் படுத்திருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினார்.

"ரெண்டேகால் ராத்தல் கூட நிக்கிது" என்றார். அவர் குரல் தணிந்தால் ஆபத்து என்பது கொட்டகைக்குத் தெரியும். ஊசிகள் நின்றன.

"நேத்துத் தூறல் விழுந்துச்சுல்ல மேஸ்திரி, பஞ்சு ஈரம் கோத்திருக்கும்" என்றாள் ஆரோக்கியம்மாள். ஒன்பது பேரில் மூத்தவள் அவள். செங்கமலத்தின் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

"தூறல் இந்தப் பெட்டிக்கு மட்டும் விழுந்துச்சோ?"

அவர் ஒவ்வொரு கரடியாக வெளியே எடுத்தார். யார் தைத்தது என்று தெரிவதற்காக ஒவ்வொருத்தியும் கரடியின் உள்ளங்காலில் தன் அடையாளத்தைப் போட வேண்டும். செங்கமலத்தின் அடையாளம் மூன்று சிவப்புத் தையல். ஆரோக்கியம்மாளின் கரடியை ஒரு தட்டிலும், சிவப்புத் தையல் கரடியை மறு தட்டிலும் உட்கார வைத்தார். சிவப்புத் தையல் மடாரென்று கீழே போனது. ஆரோக்கியம்மாளின் கரடி விட்டத்தைப் பார்த்து ஏறியது. அடுத்ததை வைத்தார். அதுவும் போனது. எட்டும் போயின.

"செங்கமலம்."

எழுந்து நின்றாள்.

"ஆழாக்கு வைக்கச் சொன்னா ஒன்னரை ஆழாக்கு வைக்கிறியா? ஒங்க அப்பன் வீட்டுக் களத்துல அடிச்சுக் கொண்டாந்த குருணையா?"

மேஸ்திரி அவள் கூடுதலாக வைத்ததாக நினைக்கிறார். அவளுடைய முதுகில் ஓடிய வியர்வை அங்கேயே நின்றது.

"ஆமாங்க மேஸ்திரி" என்றாள். "கை தவறிப்போச்சு. நிமிந்து உக்காரட்டுமேன்னு கொஞ்சம் கூட வச்சுட்டேன். என் மேல தப்புதான்."

"கூட வச்சா நல்லதுதானே?" இருளாயி பாய்ந்து வந்தாள். "வெள்ளச்சி கரடியத் தூக்கிப் பாத்துட்டு, இங்கிட்டு நல்லாச் சோறு போட்டு வளத்திருக்காங்கன்னு மெச்சுவா."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஆத்மநாதனின் மீசை கூட ஓர் ஓரத்தில் அசைந்தது. செங்கமலம் மூச்சு விட்டாள்.

"பர்மிட்டுச் சரக்கு. மொதலாளிக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றார் அவர். "மிச்சத்த எடுத்து மூட்டையில போட்டுர்றேன்." கத்தரியை எடுத்தார்.

"பிரிக்காதீங்க மேஸ்திரி!"

கொட்டகை முழுக்கத் திரும்பியது. அவள் இரண்டு எட்டு வைத்து நின்றாள். "வண்டிக்கு நேரமாயிரும். இப்பிடியே போகட்டுங்க. நாளைக்கு நான் வைக்கிறதுல கொறச்சுக்கங்க."

ஆத்மநாதன் கத்தரியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு நிதானமாகக் கரடியின் அடிவயிற்றை உள்ளே இருந்த பையோடு சேர்த்து அறுத்தார். கலகலவென்று சத்தம் கேட்டது. குருணை அப்படிச் சத்தம் போடாது. மேசை மேல் பட்டாணி அளவில் வெள்ளாற்றுப் பொடிக்கல் உருண்டது. ஒன்று கீழே விழுந்து உருண்டு உருண்டு இருளாயியின் கால்விரலில் வந்து நின்றது.

அவர் எட்டையும் அறுத்தார். பிறகு நேராகப் போய்ச் செங்கமலத்தின் கலயத்தைத் தூக்கி மேசை மேல் கவிழ்த்தார். அன்றைய ஆழாக்குக் குருணை கல்லின் மேல் பரவியது.

"அடி கூறு கெட்டவளே" என்று இருளாயி காதோரம் முணுமுணுத்தாள். "கல்லு கனக்குமேடி. அளவு ஒண்ணா இருந்தா எடையும் ஒண்ணா இருக்குமா?"

"நான் ஆழாக்குல தலதட்டித்தான் அளந்தேன்" என்றாள் செங்கமலம்.

ரத்தினவேல் வந்தபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. வாயில் வெற்றிலை. ஆத்மநாதன் சொன்னதை எல்லாம் தலையை ஆட்டிக் கேட்டார். கோபப்படவில்லை. ஒரு கல்லை எடுத்துச் சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த எடத்துக் கல்லு இது?"

"வெள்ளாத்துக் கல்லுங்க."

"மண்ணு ஒட்டலையே?"

"ஏழு தண்ணி விட்டு அலசினேங்க. வெயில்ல காயவச்சு, சல்லடையில சலிச்சேன்."

"கசியாதா?"

"ரெட்டப் பை தச்சு, வாய உள்ள மடிச்சு அடிச்சிருக்கேங்க. தரையில அடிச்சாலும் ஒண்ணு வராது."

அவர், கத்தரி படாமல் தப்பிய ஒரு கல் பையை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தார். ஒன்றும் வரவில்லை. அறுத்த கரடி ஒன்றுக்குள் அதைத் திரும்ப வைத்து, பக்கத்தில் குருணைக் கரடியை உட்கார வைத்து, மேசையில் உள்ளங்கையால் அறைந்தார். சித்தன்னவாசல் பாறையில் வௌவால் கலைந்திருக்கும், அப்படி ஓர் அறை. குருணைக் கரடி மல்லாந்தது. வயிறு கிழிந்த கல் கரடி அசையாமல் அவரையே பார்த்தது.

"அட!" என்றார். வெற்றிலைச் சிவப்போடு பல் தெரிந்தது. "பூச்சி பிடிக்காது. எலி கடிக்காது. ஆத்மநாதா, நாளையிலேருந்து எல்லாக் கரடிக்கும் இதுதான். ரெண்டு பொம்பளையள ஆத்துக்கு அனுப்பு."

செங்கமலம் தலையை நிமிர்த்தினாள். ஆரோக்கியம்மாள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இவள என்னங்க செய்ய?" என்றார் ஆத்மநாதன்.

"திருடினவள வச்சுக்கிட்டா நாளைக்கு ஒம்பது பேரும் திருடுவா. நிப்பாட்டிரு." முதலாளி மேசையைக் காட்டினார். "ரெட்டப் பை தைக்கிற விதத்த இதுகளுக்குக் காமிச்சுக் குடுத்துட்டு, இந்த எட்டையும் தச்சு முடிச்சிட்டுப் போகட்டும். ஒரு மணி வண்டி."

"மொதலாளி, பிள்ளை காய்ச்சல்ல கெடந்து இப்பத்தான்…"

"நேரமாச்சு பாரு" என்றார் அவர்.

அவள் உட்கார்ந்தாள். எட்டு வயிறு. கல்லைக் கூட்டி அள்ளிப் பையில் போட்டு, வாயை உள்ளே மடித்து அடித்து, மற்ற எட்டுப் பேரும் எட்டிப் பார்க்கத் தைத்தாள். இருளாயி ஊசிக்கு ஊசி நூல் கோத்துக் கொடுத்தாள். கடைசிக் கரடியின் நூலைச் செங்கமலம் பல்லால் கடித்து அறுத்தபோது வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் சேவுகன் இந்த மாதத்துப் பர்மிட் மூட்டைகள் இரண்டையும் கொண்டு வந்திருந்தார்.

"இங்கிட்டு எறக்காத" என்று ரத்தினவேல் உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "நேரா நம்ம வீட்டுக்கு ஓட்டு."

செங்கமலம் காலிக் கலயத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"மடிய ஒதறிட்டுப் போ" என்றார் ஆத்மநாதன்.

அவள் இடுப்பிலிருந்து முந்தானையை எடுத்து உதறினாள். பஞ்சு பறந்தது. நூல் துண்டுகள் விழுந்தன. அவற்றோடு சில குருணை மணிகள் செம்மண்ணில் சிதறின.

"பர்மிட்டுச் சரக்கும்மா அது" என்றார் முதலாளி, வாசலுக்கு வந்து. கோபமில்லாமல்தான் சொன்னார். "ஒரு மணி கூட வெளிய போகக் கூடாது. பொறுக்கு."

அவள் குத்த வைத்து உட்கார்ந்து பொறுக்கினாள். பதினொரு குருணை மணி இருந்தது. சேவுகன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மூட்டையின் வாயை அவிழ்த்துப் பிடித்தார். அவள் உள்ளங்கையைக் கவிழ்த்தாள். வியர்வையில் ஒட்டிக்கொண்ட இரண்டு வரவில்லை. அவற்றையும் நகத்தால் சுரண்டி உள்ளே போட்டாள். சேவுகன் மூட்டையை இறுக்கிக் கட்டி, மாடுகளை முதலாளி வீட்டுத் தெருவுக்குத் திருப்பினார்.