நஞ்சுண்டன் தூக்கிய கை

நஞ்சுண்டன் கை தூக்கினான். அவன் செய்தது அவ்வளவுதான்.

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் சிறுமிகளுக்கான கால்பந்து கிளப் ஒன்று இருந்தது. அதன் கமிட்டி என்பது ஐந்து அப்பாக்களும் ஒரு பெட்டி டோனட்டும். கோச் யெல்லே ஹூக்ஸ்ட்ராவின் வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாமா என்று அன்று ஓட்டெடுத்தார்கள். வேண்டும் என்று இரண்டு கை, வேண்டாம் என்று இரண்டு கை. மிச்சமிருந்தது பொள்ளாச்சிக்காரன் நஞ்சுண்டனின் கை. கிளப்புக்கு இலவசமாக வெப்சைட் செய்து கொடுத்த புண்ணியத்தில் கமிட்டிக்குள் வந்தவன் அவன். டோனட்டைத் தவிர வேறெதற்கும் அதுவரை கை நீட்டியதில்லை. அன்றைக்கு 'வேண்டாம்' பக்கம் தூக்கினான். கோச்சுக்கு ஜூன் மாதத்தோடு வேலை இல்லை என்று ஆயிற்று.

கோச் மேல் அவனுக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் மகள் வெண்பா. பதினொரு வயது. ஓட்டத்தில் அந்த டீமில் அவளை மிஞ்ச ஆளில்லை. முன்வரிசையில் நின்று கோல் அடித்துக்கொண்டிருந்தவளைப் போன இலையுதிர் காலத்தில் கோச் பின்வரிசைக்கு மாற்றிவிட்டார். எதிரணி பந்தைக் கொண்டுவந்தால் தடுக்கிற வேலை. நஞ்சுண்டனுக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட். பொள்ளாச்சியில் ஆடத் தெரியாத பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு எங்காவது கடைசியில் நிற்க வைப்பார்கள். அவனுக்குப் பந்தும் வராது, பேரும் வராது. பின்வரிசை என்றதும் இவனுக்கு அந்தப் பொடியன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

போதாக்குறைக்குக் கூட ரயிலில் வரும் வெங்கடாசலம். திங்கட்கிழமை காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது தவறாமல் கேட்பார்.

"என்ன நஞ்சுண்டன், பொண்ணு எத்தனை கோல் போட்டா?"

"இப்ப டிஃபென்ஸ்ல ஆடறாளுங்க."

"ஓ, டிஃபென்ஸா?" என்று அவர் இழுக்கிற இழுப்பில் நியூயார்க் வரைக்கும் வயிறு எரியும்.

கோச்சிடம் நேராகவே கேட்டுப் பார்த்தான். ஒரு தரமில்லை, பல தரம். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு ஒரே பதிலைச் சொல்வார்: "அங்கே அவள் நிம்மதியாக ஆடுகிறாள்." இதெல்லாம் ஒரு பதிலா? மழுப்புகிறார் என்று முதலில் நினைத்தான். அப்புறம், நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார் என்று நினைத்தான். நினைத்ததை வெங்கடாசலத்திடம் சொல்லி உறுதியும் செய்துகொண்டான்.

ஹூக்ஸ்ட்ராவும் பின்வரிசைக்காரர்தான். ஹாலந்தில் கடலோர ஊர் ஒன்றின் இரண்டாம் டிவிஷன் கிளப்பில் முழங்கால் போகிறவரை தடுப்பாட்டம் ஆடினவர். வாழ்நாளில் அடித்தது ஒரே கோல், அதுவும் சொந்த அணியின் வலைக்குள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தொண்ணூற்று நாலில் உலகக் கோப்பை இங்கே நடந்தபோது நியூ ஜெர்சியில் கோடைக்கால முகாம் நடத்த வந்தார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. கிளப் அவரை முழுநேரக் கோச்சாக்கிக்கொண்டது. மைதானத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அப்பாக்களுக்கு அதுவே ஒரு குறை.

ஓட்டெடுத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நஞ்சுண்டனின் அபார்ட்மென்ட் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஹூக்ஸ்ட்ரா நிற்கிறார். நஞ்சுண்டன் கதவைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தான். அவரோ ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மனைவி நாகமணி அரிசியும் பருப்பும் சாதத்தைத் தட்டில் போட்டு, நெய் விட்டு நீட்டினாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கு எச்-ஒன் விசா பற்றி நன்றாகத் தெரியும் என்றார்கள், நன்ஜு. எனக்கு உதவி வேண்டும்."

"யாருக்கு எச்-ஒன்?"

"எனக்குத்தான்."

நஞ்சுண்டன் விசாவிலேயே குடித்தனம் நடத்துகிறவன். வேலை கொடுத்தவர் பேரில் நிற்கிற அந்த எச்-ஒன் விசாவில் இருப்பவனுக்கு அப்போதெல்லாம் வேலை போனால் மறுநாளே தங்கும் உரிமையும் போய்விடும், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். மென்பொருள் தொழில் சரிந்த அந்த வருடம் கம்பெனிகள் ஆளைக் கொத்துக்கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. எந்த வெள்ளிக்கிழமை தன்னைக் கூப்பிடுவார்களோ என்று எண்ணிக்கொண்டேதான் அவனும் ஆபீஸ் போய் வந்தான். ஆனால் வெள்ளைத்தோல்காரனுக்கும் விசா வேண்டும் என்று அவன் மண்டைக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. இந்த ஆள் வேலை போனால் வேறு வேலை பார்த்துக்கொள்வார், அவர்கள் ஊர்தானே என்று நினைத்துத்தான் கை தூக்கினான். எது அவர்கள் ஊர்? விஷயம் இதுதான்: கிளப் மூலமாக ஹூக்ஸ்ட்ரா போட்டிருந்த கிரீன் கார்டு விண்ணப்பம் பாதி வழியில் நின்றது. ஜூன் முடிவதற்குள் வேறு கிளப் கிடைக்காவிட்டால் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போக வேண்டும். முடிந்ததைச் செய்கிறேன் என்று நஞ்சுண்டன் தலையாட்டினான்.

அவர் போன பிறகு நாகமணி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அந்த மனுசன் முகத்தப் பாத்துச் சோறு போடவே கூச்சமா இருந்துதுங்க. நீங்கதான் கை தூக்குனீங்கன்னு தெரியாம நம்ம வீட்டுக்கே வந்திருக்காரு, பாவம்."

"விசான்னு எனக்கெப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா மட்டும்? வெண்பா முன்னாடி நிக்கோணும்னு உங்களுக்கு. நல்லாக் கேட்டுக்குங்க. புள்ளையக் கிள்ளிப்போட்டுத் தொட்டில ஆட்டறதுங்கறது இதுதான்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நஞ்சுண்டனுக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை. மறுநாள் ஆபீசிலிருந்தே கிளப் தலைவருக்குப் போன் போட்டு, தன் ஓட்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டான். புதுக் கோச்சுக்கு வேலை உறுதி செய்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சிரித்தபடி சொல்லிவிட்டார்.

அதன் பிறகு அவன் அலைந்த அலைச்சலைப் பார்த்தவர்கள், சொந்தத் தம்பிக்கு வேலை தேடுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். பகலில் வக்கீல்கள், சாயந்தரம் வேறு ஊர் கிளப்புகள். கடைசியில் நாகமணியின் சித்தப்பா மகன் திருமூர்த்தி கை கொடுத்தான். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவன். அவன் கடைக்கு மசாலா வாங்க வரும் ஒருவர் அங்கே பிள்ளைகளுக்குக் கால்பந்து கிளப் நடத்துகிறார்.

"மச்சான், அவருக்கு கோச் தேவைதான். ஆனா விசா டிரான்ஸ்ஃபர் மட்டும்தான் ஃபைல் பண்ணுவாராம். கிரீன் கார்டு மறுபடி மொதல்ல இருந்துதான்," என்றான் திருமூர்த்தி.

மறுபடி முதலிலிருந்து. கிரீன் கார்டு வரிசையில் நின்றவனுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். நஞ்சுண்டன் நின்றுகொண்டிருந்தான்.

ஹூக்ஸ்ட்ரா அதற்கே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் ஜூன் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. ஜூலையில் அவர் முன்னால் புறப்பட்டார், வீடு பார்த்தபின் குடும்பம் வரும். நியூவார்க் விமான நிலையத்துக்கு நானே டிரைவ் பண்ணுகிறேன் என்று நஞ்சுண்டன் அடம்பிடித்தான். வழியெல்லாம் சொல்ல வாய் திறப்பதும், லாரி ஒன்று கடந்தால் அதைச் சாக்காக வைத்து மூடிக்கொள்வதுமாக வந்தான். டெர்மினல் வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொல்லிவிட்டான்.

"யெல்லே, அன்றைக்கு மூன்றாவது கை என்னுடையது."

"தெரியும்," என்றார் ஹூக்ஸ்ட்ரா. "தலைவர் மறுநாளே சொல்லிவிட்டார். அதனால்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஆட்டத்தில் ஃபவுல் செய்தவன்தான் முதலில் ஓடிவந்து கை கொடுத்துத் தூக்கிவிடுவான். நீங்கள் தூக்கிவிடுவீர்கள் என்று நம்பினேன். தூக்கிவிட்டீர்கள்."

நஞ்சுண்டனுக்குக் கண் கலங்கியது. பாரம் இறங்கியதுபோல்கூட இருந்தது. அந்தத் தைரியத்தில் இன்னொன்றும் கேட்டான், கேட்காமலேயே இருந்திருக்கலாம்.

"அவளை ஏன் பின்னால் நிறுத்தினீர்கள்? அதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் நான் கை தூக்கியிருக்க மாட்டேனே."

ஹூக்ஸ்ட்ரா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நான் நிறுத்தவில்லை. வெண்பாதான் கேட்டாள். முன்னால் ஆடும்போது நீங்கள் கோட்டோரமாகக் கூடவே ஓடிக்கொண்டு கத்துவீர்களாம். கை காலெல்லாம் நடுங்குகிறது, பின்னால் போட்டுவிடுங்கள், அங்கே அப்பா வரமாட்டார் என்றாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இப்போது நான் அவளுடைய கோச் இல்லை. அதனால் சொல்கிறேன்."

பின்சீட்டிலிருந்து பந்துகள் அடைத்த வலைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் உள்ளே போனார். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறவரை நஞ்சுண்டன் நகரவில்லை. ஒரு வார்த்தையில் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கக்கூடிய மனிதர். அந்த வார்த்தையைச் சொல்லாமல் அவன் மகளைக் காப்பாற்றியிருக்கிறார், அவனிடமிருந்து. வீட்டுக்கு வந்து நாகமணியிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் தெரியாதுங்க," என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

செப்டம்பரில் லேபர் டே விடுமுறை முடிந்த சனிக்கிழமை முதல் ஆட்டம். புதுக் கோச் சத்தக்காரர். கமிட்டியில் இருக்கும் அப்பாவின் பெண் என்று தெரிந்து, வெண்பாவை முன்வரிசையில் போட்டிருந்தார்.

"கோச்சுகிட்டப் பேசட்டுமா கண்ணு? மறுபடி டிஃபென்ஸ்ல போடச் சொல்லட்டுமா?" என்று நஞ்சுண்டன் வண்டியில் வரும்போதே கேட்டான்.

"இட்ஸ் ஓகே, அப்பா," என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

அவன் மைதானத்துக்குள் போகவில்லை. பார்க்கிங்கில் வண்டிக்குப் பக்கத்திலேயே, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். வெங்கடாசலம் இனி 'டிஃபென்ஸா' என்று இழுக்க முடியாது. வெண்பா எல்லோருக்கும் முன்னால், நடுவில், பந்துக்குப் பக்கத்தில் நின்றாள். நஞ்சுண்டன் ஆசைப்பட்ட அதே இடம்.

விசில் ஊதுவதற்கு முன் அவள் திரும்பினாள். கோட்டோரம் நெடுக ஒவ்வொரு முகமாகத் தேடினாள், அப்பா எங்கே நிற்கிறார் என்று. அவள் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. அங்கே அவன் இல்லை என்று தெரிந்த பிறகும் அவை இறங்கவில்லை.