திரைக்கு இந்தப் பக்கம்

வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டில் ஜெயத்துக்கு வேலை. ஷிப்ட் முடிந்து போகும் பெண்களைத் திரைக்குள் அழைத்து, தடவிச் சோதித்து அனுப்ப வேண்டும். ஐம்பதைத் தாண்டியும் கை வேகம் குறையவில்லை. வாய் அதைவிட வேகம். யாராவது அவசரப்பட்டுத் திரையை இழுத்தால், "உள்ள பொண்ணு கீது, பொறு" என்று ஒரே அதட்டல். அப்பேர்ப்பட்டவளுக்குக் கொஞ்ச நாளாக இருப்புக் கொள்ளவில்லை.

காரணம் மாரிசெல்வி. தூத்துக்குடிப் பக்கத்துத் திருநங்கை, கம்பெனி லைன் வேலைக்குப் புதுசு. முதல் நாள் பெண்கள் வரிசையில் வந்து நின்றவளை, "என் கை உம்மேல படாது, அந்தாண்ட போ" என்று ஆண்கள் வரிசைக்குத் துரத்திவிட்டாள் ஜெயம். வயசுப் பிள்ளைகள் வந்துபோகும் இடம், நாளைக்கு யாராவது ஒன்று சொன்னால்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சூப்பர்வைசரும் தலைவலி விட்டது என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஜெயத்தின் கை இந்தப் பக்கம், கண் அந்தப் பக்கம். அங்கே திரை கிடையாது. காவலாளி சுபாஷ் மற்றவர்களை ஒரு தட்டுத் தட்டி அனுப்புவான். மாரிசெல்வி வந்தால் மட்டும் நிதானமாகத் தடவுவான். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவனைக் கேட்க ஜெயத்துக்கு என்ன முகம் இருக்கிறது? அனுப்பிவைத்த புண்ணியவதி அவள்தானே.

அன்று பஸ் ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மாரிசெல்வி பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டு நின்றாள். டிபன் பை நெஞ்சோடு, தோள்கள் குறுகி. அந்தக் குறுகல் ஜெயத்துக்குத் தெரியும். முதல் நாள் திரைக்குள் வரும் ஒவ்வொரு பெண்ணும் அப்படித்தான் நிற்பாள். ஒரு பெண்ணைக் கொண்டுபோய் இத்தனை ஆம்பிளைகள் நடுவே நிறுத்திவிட்டோமே என்று நெஞ்சு பதறியது.

நேரே போய், "இது உன் வரிசை இல்ல, வா" என்றாள்.

"வேண்டாம்மா. இன்னையோட வேலைய விட்டு நின்னுக்கிடுதேன். ஊருக்குப் போறேன்."

சுபாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜெயம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"போறதுன்னா போ. இன்னிக்கு எங்கூட வா."

திரைக்குள் வந்தும் மாரிசெல்வி பையை இறக்கவில்லை. எத்தனையோ பேரைக் கேட்காமலே தொட்ட ஜெயத்தின் கை, தொடாமல் நின்றது.

"தொடட்டா, கண்ணு?"

மாரிசெல்வி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகப் பையைக் கீழே வைத்தாள். பஸ் போய்விடும் என்று வெளியே யாரோ திரையை இழுத்தார்கள்.

"உள்ள பொண்ணு கீது," என்றாள் ஜெயம். "பொறு."