வேட்டைக் குடிசையில் ஒரு கட்டில்

விஸ்கான்சின் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போகும்போதெல்லாம் வெண்டலுக்கு விறகுக் கொட்டகையில்தான் படுக்கை. "உன் குறட்டைக்கு மானெல்லாம் கனடாவுக்கே ஓடிடும் மச்சான்" என்பான் மைத்துனன் ரோலண்ட்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி என்று டாக்டர் சொன்ன பிறகு, முகமூடி வழியே காற்றைத் தள்ளும் மெஷினோடு மல்லுக்கட்டி, ஒருவழியாகத் தூங்கப் பழகினான் வெண்டல். குறட்டையும் போயிற்று. இந்த வருடம் குடிசைக்குள்ளேயே ஒரு கட்டில் கிடைத்தது. அந்தப் பூரிப்பில் மதியமே முகமூடியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்தான்.

அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து, சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் வாயைத் திறந்தார்கள்.

"முன்னாடி குறட்டையைச் சொல்லியாவது ஒதுக்கி வச்சோம்," என்றான் ரோலண்ட். "இனிமே இந்த அறுவையை எதைச் சொல்லி வெளிய தள்ளுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிலும் உரக்கச் சிரித்தது வெண்டலின் சொந்தத் தம்பி.

சாயங்காலம் மெஷினையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு வெண்டல் பனியில் இறங்கிக் கொட்டகைக்கு நடந்தான்.

"என்ன மச்சான், மெஷின் வேலை செய்யலையா?" என்று வாசலில் நின்று கேட்டான் ரோலண்ட்.

"நல்லாத்தான் வேலை செய்யுது. குறட்டை நின்னதுல இருந்து எனக்குக் காது நல்லாக் கேக்குது."