கணக்கில் வராத மாத்திரை

மருந்துக்கடைக்காரரைக் கேட்டால், தெருவில் யாருக்கு என்ன கோளாறு என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். சொந்தப் பெண்டாட்டியின் கை ஏன் நடுங்குகிறது என்பது மட்டும் அந்த மேதாவிக்குப் பிடிபடவில்லை.

முதலில் படுத்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. பிறகு இமை துடித்தது, விரல் மரத்தது, நெஞ்சு படபடத்தது. கரும்பலகையில் எழுத்து கோணிக்கொண்டு போக, பிள்ளைகள் சிரித்தார்கள். இருபது வருட டீச்சர் வேலையை அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"எல்லாம் உன் மனசுதான். யோசிச்சு யோசிச்சு உடம்பக் கெடுத்துக்கற," என்றார் அவர். ஒரு தடவையா, இரண்டு தடவையா! கடைசியில் அவளும் அதை நம்பினாள். அதுதான் கொடுமை.

எந்த டாக்டரிடம் போனாலும், வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு இல்லை என்பார். மருந்து தெரிந்தவர் சொல்கிறாரே என்று அவர்களும் விட்டுவிடுவார்கள்.

புதிதாகப் பார்த்த டாக்டரம்மா விடவில்லை. "நெஞ்செரிச்சலுக்குக்கூட ஒண்ணும் போடறதில்லையா?"

"அதெல்லாம் ஒரு மாத்திரையா டாக்டர்? காலையில வெறும் வயித்துல ஒண்ணு போடுவா. ஒன்பது வருஷமா."

"யார் எழுதிக் கொடுத்தது?"

"நான்தான் கடையிலேருந்து..."

அதுவரை யாரும் எடுக்காத ரத்தச் சோதனையை எடுத்தார்கள். மெக்னீசியம் அதலபாதாளத்தில் கிடந்தது. அந்த மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டரம்மா. அதை நிறுத்தி, மெக்னீசியத்தை நரம்பில் ஏற்றினார்கள். நாலாம் நாள் அவள் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். எழுத்து நேராக நின்றது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அவள் நின்ற வகுப்பில் வேறு டீச்சர் வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, டாக்டரம்மா எழுதிய புது மாத்திரையையும் தண்ணீரையும் அவர் எடுத்து வந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அங்க வச்சிடுங்க," என்றாள். "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுக்கறேன்."