ரெண்டு தட்டு

பஸ் கண்டக்டரின் இடது நுரையீரலில் சளியும் சீழும் குடியேறிப் பன்னிரண்டு வருஷம். மாத்திரை, ஊசி எதற்கும் அசையவில்லை அந்தச் சனியன்!

தினமும் விடிந்ததும் அவர் மனைவிக்கு முதல் வேலை, அவரை வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பது. கெட்ட பக்கம் மேலே இருக்க வேண்டும். உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டுவாள். சளி பெயர்ந்து கிண்ணத்துக்கு வரும். விசில் ஊத மூச்சில்லாமல் பஸ்ஸின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டியே வண்டியைக் கிளப்புகிறவர் அவர்.

"ரெண்டு தட்டு தட்டு, வண்டி தானா கிளம்பிடும்" என்பார்.

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கிண்ணத்தைப் பிடிங்க" என்பாள்.

இந்த வருஷம் சளியோடு ரத்தமும் வந்தது. பெரிய டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இடது நுரையீரலை முழுசா எடுக்கணும். நூறு பேர்ல பத்துப் பேர் பிழைக்காம போகலாம். மூச்சுக்குழாயைத் தைச்ச இடம் பின்னால விட்டுப்போனாலும் ஆபத்துதான். எடுக்கலைன்னா, ரத்தம் எப்போ கொட்டும்னு சொல்ல முடியாது."

கண்டக்டர், "தொண்ணூறு சீட்டு காலியா இருக்கே டாக்டர், ஏறிடலாம்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இனிமே இடது பக்கம், இல்லன்னா மல்லாக்க. வலது பக்கம் படுக்கவே கூடாதும்மா. எடுத்த இடத்துல நீர் தேங்கியிருக்கு. தையல் விட்டா, அது நல்ல நுரையீரலுக்குள்ள இறங்கிடும்."

அவள் தலையை ஆட்டினாள். தலைக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருஷம் பழகிய கைக்கு யார் சொல்வது?

ஒன்பதாம் நாள் மத்தியானம். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று இருமினார். சிவப்புத் தண்ணீராகக் கொட்டியது. நர்ஸ் நாலு கட்டில் தள்ளி நின்றிருந்தாள்.

"இதோ, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே மனைவி அவரை வலது பக்கம் புரட்டினாள். உள்ளங்கையைக் குவித்தாள். தட்டினாள். இன்னொரு தட்டு.

"ஐயோ, திருப்பாதீங்கம்மா!"

நர்ஸ் ஓடிவந்து அவரை மறுபக்கம் திருப்புவதற்குள் அவர் முகம் நீலம் பாரித்துவிட்டது.

நாலு நாள் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. ஐந்தாம் நாள் காலையில் டாக்டர் வெளியே வந்தார்.

"தையல் விட்டுப்போச்சும்மா. நீங்க என்ன செஞ்சிருந்தாலும்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பொய் சொல்ல வராத மனுஷர், பாவம்.

கண்டக்டரின் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பன்னெண்டு வருஷம் என் தம்பிய இந்தக் கைதானேடி காப்பாத்துச்சு!"

அவள் கையை உருவித் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ரெண்டே தட்டுதான் அக்கா தட்டினேன்" என்றாள். "கிளம்பிட்டாரு."