கூட்டாளி இன்னும் வரவில்லை

பாம்... பாம்... பாமென்று வாசலில் ஹாரன் அலறியதில் ஹாலில் இருந்த அத்தனை பேரும் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்கள். அமரர் ஊர்தியைப் பின்னால் எடுக்கும்போது ஓட்டுநரின் முழங்கை பட்டுவிட்டதாம். கையைக் கூப்பிக்கொண்டே இறங்கினார்.

"பரவாயில்லப்பா. படுத்திருக்கிற எங்க மச்சான் ஒருத்தர்தான் அசரல" என்றார் மாமா. துக்கத்துக்கு வந்தவர்கள் சிலர் சிரித்தே விட்டார்கள்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி வந்துவிட்டது. கூட்டாளி இன்னும் வரவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். எரிமலையின் விளிம்பிலும் பனிப்பாறை மேலும் நடந்து திரிந்து, அதையெல்லாம் எழுதிப் பேர் வாங்கிய மனுஷன், சொந்தக் கட்டிலில் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்தப் புத்தகங்களில் எல்லாம் அவர் கூடவே வருகிறவர்தான் கூட்டாளி. பெயர் கிடையாது. ஓயாமல் புலம்பும் பேர்வழி. அப்பா ஆற்றில் இறங்கப் போனால், "அக்கரையில அப்படி என்ன கொட்டிக் கிடக்கு?" என்று மடக்குவார். வாசகர்களுக்கு அப்பாவைவிட அவரைத்தான் பிடிக்கும்.

மகளுக்குச் சின்ன வயதில் அவர்மேல் ஒரே பொறாமை. விவரம் தெரிந்த பிறகு அதெல்லாம் நன்றியாகிவிட்டது. அவர் மட்டும் தடுத்திருக்காவிட்டால் அவள் அப்பா இல்லாத பிள்ளையாக வளர்ந்திருப்பாள். அவள் கல்யாணத்துக்குக்கூட வராதவர். இன்றைக்காவது அவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

"நானும் பாத்ததில்லம்மா" என்று பதிப்பாளர் கையை விரித்தார். "ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னு எவ்வளவோ கேட்டேன். 'கூச்ச சுபாவம் சார்'னு சிரிச்சே மழுப்பிடுவார்."

பெட்டியின் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டாள்.

"ஏம்மா, கூட்டாளி நம்பர் உங்கிட்டயாவது இருக்கா?"

"இருக்கு."

"அட, இவ்வளவு நேரம் சொல்லவேல்லயே! குடு, இப்பவே அடிக்கறேன்."

"அடிச்சுப் பாரு. நம்ம வீட்டு போன்தான் அடிக்கும்."

மகள் திருதிருவென்று விழித்தாள். அம்மா அவள் காதோரம் குனிந்தாள்.

"எந்த ஊருல எதுல கால் வைக்கறதுக்கு முன்னாடியும் எனக்குப் போன் பண்ணிடுவார்டி. பாலம் இப்படி ஆடுது, தண்ணி இந்த நிறத்துல ஓடுதுன்னு ஒண்ணு விடாம சொல்வார். நான் திட்டுவேன். திட்டினதெல்லாம் கூட்டாளி பேசினதா புத்தகத்துல வந்துடும்."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வெங்காயம் நறுக்கியபடி அம்மா யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிய மாலைகள் மகளுக்கு நினைவு வந்தன. மளிகைக் கடைக்காரரைத்தான் திட்டுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள்!

"பாலைவனத்துல ஏதும்மா போன்?"

"அதனாலதான் அந்தப் புத்தகம் பூரா கூட்டாளிக்குக் காய்ச்சல். கூடாரத்துலயே படுக்க வச்சிட்டார்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். குலுங்கிய தோளைப் பார்த்து, அழுகிறாள் என்று நினைத்த ஒரு வாசகர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"அவர் என்னவோ என் பேரப் போட்டே தீருவேன்னு ஒத்தக் கால்லதான் நின்னார். நாந்தான் வேணாம்னேன். பொண்டாட்டியக் கேட்டுட்டுதான் பாலத்தத் தாண்டினார்னு தெரிஞ்சா அந்தப் புத்தகத்த எவன் வாங்குவான்?"

"நீயும் கூடப் போயிருக்கலாமேம்மா."

"போயிருக்கலாம். உன்ன யாரு பாத்துக்கறது?" அம்மா கண்ணாடியில் படிந்த தூசியை விரலால் துடைத்தாள். "பாதி இடம் நான் பாக்க ஆசப்பட்டு அனுப்பினதுடி. போய்ட்டு வந்து எனக்குச் சொன்ன மாதிரி அவர் எழுதக்கூட இல்ல. அப்படிச் சொல்வார். பனிச்சரிவு அன்னிக்கு, மேல ஏறாதீங்கன்னேன். கூட வந்தவங்க கிண்டல் பண்ணிட்டு ஏறினாங்க. அவர் மட்டும் கீழ எறங்கி வந்தார். என் பேச்சுக்கு அப்படி ஒரு மரியாத குடுத்த மனுஷன். எனக்கு ஒரு குறையும் இல்ல."

கூட்டாளியின் கையைப் பிடிக்கக் காத்திருந்த மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதிப்பாளர் தயங்கித் தயங்கி வந்தார். "டிரைவர் அவசரப்படறார்மா. கூட்டாளி வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லட்டுமா? வாசகர்கள் எல்லாம் அவரத்தான் கேக்கறாங்க."

சொல்லிவிடாதே என்பதுபோல அம்மா மகளின் விரல்களை இறுக்கினாள். மகள் அந்தக் கையை விடாமலே நிமிர்ந்தாள்.

"வேண்டாம் சார். கூட்டாளி விடிஞ்சதுலேருந்து அப்பா தலைமாட்டுலயேதான் உக்காந்திருக்காங்க."